எட்டு மணி நேர ஓட்டம்

சாவி கொடுக்கிற கைக்கடிகாரத்துக்குக் காலையில் சாவி கொடுப்பதுதான் நல்லது. பகலில் நாம் கையை வீசி நடப்போம், பஸ் கம்பியைப் பிடிப்போம், கதவில் இடித்துக்கொள்வோம். அந்த ஆட்டத்தைத் தாங்க உள்ளே இருக்கும் சுருள்வில் நல்ல முறுக்கில் இருக்க வேண்டும். இரவில் சும்மா கிடக்கும்போது கொஞ்சம் தளர்ந்தால் பாதகமில்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்துல் மாலிக் பாய். பதினொரு நாளைக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், விழுப்புரத்தில் தன் வீட்டு முன்னறையில் அவர் மாரடைப்பால் இறந்துபோனார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். மாரடைப்பு என்பது உண்மைதான்.

ஐயா, நேற்று நான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, நீங்கள் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, சிநேகிதர் போன துக்கத்தில் பேசுகிறேன் என்று சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தீர்கள். அப்படியும் மனசு ஆறவில்லை என்றால் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றீர்கள். எழுதியிருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிய கை இது. முடிந்தவரை ஒழுங்காக எழுதுகிறேன். நடுவில் எழுத்து கோணலாகப் போனால் மன்னிக்க வேண்டும்.

என் பெயர் சவுரிராயன். பிறந்தது முகையூர்ப் பக்கம், குடியிருப்பது திண்டிவனம். வயது அறுபத்தொன்று. எடை, தராசு, படிக்கல் இவற்றைச் சோதித்து முத்திரை குத்துகிற ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். திண்டிவனம் மண்டியில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் சீசனில், நான் ஜீப்பை விட்டு இறங்கினால் தராசுகள் தானாக நிமிர்ந்துகொள்ளும் என்று கேலி பேசுவார்கள். ஐம்பது கிராம் வித்தியாசத்துக்காக ஒரு பெரிய வியாபாரியின் தராசையே பறிமுதல் செய்தேன். அன்றிலிருந்து என் பெயர் 'அம்பது கிராம் சார்'. மல்லாட்டை மூட்டை தூக்குகிறவர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. என் மனைவி இருதயமேரி போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் நான் சம்பாதித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலிக் பாய்க்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். ஷார்ஜாவில் ஒரு கடிகாரக் கடையில் இருபத்தாறு வருஷம் நின்றவர். திரும்பி வந்து, மகன் ஹுதைஃபாவை அதே ஷார்ஜாவுக்கு அனுப்பிவிட்டு, மனைவி நூர்நிஷாவோடு விழுப்புரத்தில் வீடு கட்டிக் குடியேறினார். நாங்கள் சந்தித்தது ரயிலில். மேல்கம்பியைப் பிடித்திருந்த என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தவர், பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் பொறுக்கமுடியாமல் பக்கத்தில் வந்து, அதைக் கொஞ்சம் கழற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட அவ்வளவு கூச்சத்தோடு கேட்டிருக்க மாட்டார்கள்.

அது ஒரு ரஷ்யக் குரோனோகிராஃப். கப்பலில் வேலை பார்த்த என் மைத்துனர் பிரான்சிஸ் எனக்குக் கொண்டுவந்தது. குரோனோகிராஃப் என்பது மணியும் காட்டும், கூடவே பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு நீள முள் கிளம்பி ஓடி, மறுபடி அழுத்தும்வரை எத்தனை நேரம் ஆயிற்று என்று அளந்தும் சொல்லும். பேட்டரி கிடையாது. எல்லாம் பற்சக்கரமும் வில்லும்தான். மாலிக் பாயிடமும் ஒன்று இருந்தது, சுவிஸ் நாட்டில் செய்தது. ஷார்ஜாவில் ஒரு வயதான டாக்டரிடமிருந்து வாங்கியது. என்னுடையதன் விளிம்பில் வேகம் பார்க்கிற எண்கள். அவருடையதன் விளிம்பில் நாடி பார்க்கிற எண்கள். நோயாளியின் நாடி முப்பது முறை துடிக்கும்வரை முள்ளை ஓடவிட்டால், முள் நிற்கிற இடத்தில் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும்.

எங்கள் சிநேகிதமே ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். என்னுடையதில் பொத்தான் கொஞ்சம் கரகரவென்று இறங்கும், முள் ஒரு துள்ளல் போட்டுவிட்டுத்தான் கிளம்பும். அவருடையதில் பழுத்த பழத்தில் விரல் பதிகிற மாதிரி பொத்தான் இறங்கும், முள் சத்தமில்லாமல் புறப்படும். வியாழக்கிழமைதோறும் நான் விழுப்புரம் போவேன். சில நாள் இரண்டு பேரும் ரயிலேறி, தண்டவாளத்தோரம் நிற்கும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவோம். அடுத்த கல் நாற்பது விநாடியில் வந்தால் வண்டி தொண்ணூறில் போகிறது. மயிலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் இரண்டு கிழவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து 'இப்ப, இப்ப' என்று கத்திக்கொண்டு போவதைப் பார்த்து, பாண்டிச்சேரிக்குப் படிக்கப் போகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு பாய் ஒரு ஏற்பாடு செய்தார். தினமும் காலையில் வானொலிச் செய்திக்கு முன்னால் வரும் 'பீப்' சத்தத்தோடு அவரவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். முந்தின நாளிலிருந்து எத்தனை விநாடி கூடியது, குறைந்தது என்று போனில் சொல்ல வேண்டும். அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். முதல் மாதம் அவருடையது நாளைக்கு மூன்று விநாடி கூட ஓடியது, என்னுடையது நான்கு. சாவி கொடுக்கிற கடிகாரத்துக்கு அது பெரிய மரியாதை. சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, இவர் சொன்னால் ஒரு விநாடி முன்னேபின்னே இருக்காது என்பார்.

இரண்டாவது மாதம் ஒரு நாள் காலை என் கடிகாரம் இருபத்திரண்டு விநாடி முந்தியிருந்தது. நான் 'நாலு' என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மறுநாளும் இருபத்திரண்டு. மறுநாளும் நாலு என்றேன். அப்படியே மூன்று வருஷம் ஓடிப்போயிற்று. தினமும் காலையில் போன் மணியை இரண்டு மூன்று முறை அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுவேன். வியாழக்கிழமை விழுப்புரம் கிளம்புமுன் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு போவேன். நாலைந்து மணி நேரத்தில் மூன்று நான்கு விநாடிதான் கூடும், கவனிக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை. நீங்கள் சிரிக்கலாம். பதினெட்டு விநாடிக்கு ஒரு மனுஷன் இப்படி நடுங்குவானா என்று தோன்றும். ஐம்பது கிராமுக்குத் தராசைப் பிடுங்கிய ஆளுக்குப் பதினெட்டு விநாடி என்றால் என்ன என்று அந்த வியாபாரியைக் கேட்டால் சொல்வார்.

போன மாதம் பாய் புது யோசனை ஒன்று சொன்னார். இரண்டு கடிகாரத்தையும் ஒரே மேஜையில் வைத்து, ஒரே நேரத்தில் கிளப்பி, எட்டு மணி நேரம் ஓடவிட்டு, ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு நீள முள்ளும் எங்கே நிற்கிறதோ அதுதான் தீர்ப்பு. எட்டு மணி நேரத்தில் என்னுடையது ஏழு விநாடி முந்திவிடும். மறைக்க வழியே இல்லை. சரி என்று தலையாட்டினேன். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா, கடிகாரத்தைக் கீழே போட்டு உடைத்துவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். பின்மூடியைத் திறந்து வேகத்தைக் குறைக்க எனக்குத் தெரியும். ஊசியைக் கையில் எடுத்தேன், தைரியம் வராமல் மறுபடி மூடிவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை காலை முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றபோது இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்று எழுந்தேன். வண்டி கிளம்பிவிட்டது. அங்கே இறங்கியிருந்தால் பாய் இன்றைக்கு இருந்திருப்பார். அந்த ஸ்டேஷனில் வண்டி இன்னும் அரை நிமிடம் நின்றிருக்கலாம்.

நூர்நிஷா அம்மா தன் அக்கா பெண்ணின் மருதாணி விசேஷத்துக்காகக் கோட்டக்குப்பம் கிளம்பிக்கொண்டிருந்தார். பெண்கள் காரியம் என்று பாய் போகவில்லை. அந்த அம்மா, ஆணம் என்று அவர்கள் சொல்கிற குழம்பையும் சோற்றையும் மேஜைமேல் மூடி வைத்துவிட்டு, வாசலில் என்னிடம் ஒன்று சொன்னார்.

"அண்ணே, மத்தியானம் மாத்திர போட்டாரான்னு கொஞ்சம் பாத்துக்குங்க. கடிகாரத்த வெச்சிக்கினு ஒக்காந்தா அவருக்கு ஒலகமே தெரியாது."

பாய்க்குப் போன வருஷம்தான் நெஞ்சுவலி வந்து மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஓட்டத்துக்கு இரண்டு விதி உண்டு. ஒன்று, போன்களை அப்புறப்படுத்துவது. செல்போனுக்குள் காந்தம் இருக்கிறது. சாவி கொடுக்கிற கடிகாரத்தில் காந்தம் ஏறினால் நடை கெட்டுவிடும். அதனால் இரண்டு போனையும் உள்ளறை இரும்பு பீரோவில் வைப்பது எங்கள் வழக்கம், முதல் நாளிலிருந்தே பாய் வைத்த சட்டம். இரண்டு, ஓடுகிற கடிகாரத்தை ஒருத்தர் மட்டும் தொடக் கூடாது. அவரவர் கட்டைவிரலை அவரவர் பொத்தானில் வைத்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லித்தான் கிளப்ப வேண்டும், அப்படியேதான் நிறுத்த வேண்டும். சரியாக ஒன்பது மணிக்குக் கிளப்பினோம்.

மத்தியானத்துக்குள் என் முள் உச்சியைத் தொட்டு இரண்டரை விநாடி கழித்துத்தான் அவர் முள் வந்தது. மேஜைக்கும் அவருக்கும் நடுவில் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்துகொண்டு, மண்டிக் கதைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவரும் சிரித்துச் சிரித்துக் கேட்டார். கடிகாரத்தின் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. சாப்பிட்டோம். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நாலு மணி எட்டு நிமிடத்துக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். தண்ணீர் கொடுத்தேன். வாயுவாக இருக்கும் என்று அவரே சொன்னார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை சட்டைப் பையில் இருந்தது, அதையும் எடுத்து வைத்தேன். இவை எல்லாம் நான் செய்தவை, குறித்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிடம் போயிருக்கும். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. இடது கையைத் தூக்க முடியவில்லை.

"நூத்தியெட்டுக்குப் போன் போடு சார்," என்றார். "இது வேற மாரி இருக்குது."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னும் முக்கா மணிதான் பாய். போன வெளிய எடுத்தா காந்தம். காலைல இருந்து ஓடினது வீணாப் பூடும்."

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் எழுந்திருக்காததைப் பார்த்து அந்தச் சிரிப்பு மெதுவாகப் போயிற்று. அவர் கண்ணில் பயம் வந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில் இன்னொருத்தர் பயத்தை நான் பார்த்ததில்லை. அதுவரை அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

தானே எழுந்து உள்ளறைக்குப் போகப் பார்த்தார். சோபாவிலிருந்து அந்த பீரோ பன்னிரண்டு அடி தூரம் இருக்கும். முட்டி மடங்கிவிட்டது. நான் தோளைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சுவலிக்காரர்கள் அசையக் கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அவர் மணிக்கட்டைப் பிடித்து, மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய கடிகாரத்தைப் பார்த்தேன். முள் உச்சிக்கு வரும்வரை பொறுத்திருந்து முப்பது துடிப்பு எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்று நாற்பது. நான் ஏதோ வைத்தியம் பார்க்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது, கையை இழுக்காமல் என்னிடமே விட்டுவைத்தார்.

நாலு இருபத்தொன்றுக்கு உள்ளே பீரோவில் போன் அடித்தது. அவருடைய போன். மாத்திரை போட்டாரா என்று கேட்க நூர்நிஷா அம்மாவாகத்தான் இருக்கும். பாய் அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மணி அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து வந்ததால் அந்தச் சத்தம் ஏதோ அடைபட்டது கத்துகிற மாதிரி இருந்தது. என்னால் தாங்கமுடியவில்லை. எழுந்து போய் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை நாடி எண்ணினேன், நாற்பது. நாலு முப்பத்தொன்பதுக்கு எண்ண ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் ஓட்டத்தை முடித்தேன். ஐந்து மணி ஆகும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, இரண்டு பொத்தானிலும் என் இரண்டு கட்டைவிரலை வைத்து, ஒன்று இரண்டு மூன்று என்று வாய்விட்டுச் சொல்லி நிறுத்தினேன். என்னுடையது ஏழு விநாடி முந்தியிருந்தது. நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'எட்டு மணி நேர ஓட்டம், வித்தியாசம் ஒரு விநாடி' என்று எழுதினேன். இரண்டு முள்ளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அதற்கப்புறம் பீரோவைத் திறந்து போனை எடுத்தேன். ஏழு தவறிய அழைப்புகள் இருந்தன.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. ஆஸ்பத்திரியில் வலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். போன் செய்வதற்குப் பத்து நிமிடம் முன்னால் என்றேன். வயது, பழைய வியாதி எல்லாம் இருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஹுதைஃபா வந்து சேரும்வரை வைத்திருந்து, மறுநாள் கோட்டக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன். கடைசி நேரத்தில் அத்தாவோடு இருந்தவர் என்று ஹுதைஃபா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். மண் தள்ள என்னையும் கூப்பிட்டான். மூன்று கை தள்ளினேன்.

அடுத்த வியாழக்கிழமை கால் தானாக ரயில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. நூர்நிஷா அம்மா இத்தா இருக்கிறார், கணவர் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். நான் சாத்திய அதே கதவு. ஹுதைஃபா ஒரு சின்ன நீல நிறப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். கடிகாரத்திலிருந்து காந்தத்தை எடுக்கிற கருவி.

"ஒங்களுக்குத்தான் வாங்கி வெச்சிருந்தாரு அண்ணே," என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல். "ஒங்க வூட்டுக்கு வந்தப்ப நீங்க கடிகாரத்த ரேடியோ மேல சாத்தி வெச்சிருந்ததப் பாத்தாராம். ரேடியோ ஸ்பீக்கர்ல பெரிய காந்தம் இருக்குதாம். அதாலதான் ஓட்டம் கூடிப்போச்சு, சார் என்னமோ கம்மியா சொல்லிக்கினு இருக்குறாரு, பாவம் ஒத்தையா இருக்குற மனுசன், நேரா கேட்டா கூசிப்போவாருன்னு சொல்லுவாரு. கடிகாரமே சொல்லட்டும், சொன்ன ஒடனே பொட்டிய எடுத்து சரி பண்ணிக் குடுத்துடலாம்னுதான் அந்த எட்டு மணி நேரம் ஏற்பாடு பண்ணாரு."

சரியான நேரம் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நான் கடிகாரத்தை ரேடியோவின் மேலேயே வைத்துக்கொண்டு 'பீப்' சத்தத்துக்குக் காத்திருப்பேன். அந்தப் பெட்டியின் மேல் கடிகாரத்தை வைத்துப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும், ஐந்து விநாடி வேலை. திண்டிவனம் வந்து செய்து பார்த்தேன். இப்போது நாளைக்கு நான்கு விநாடிதான் கூடுகிறது.

நான் உங்களிடம் வந்ததற்குக் காரணம் மனசாட்சி என்று நேற்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அத்தாவின் போனை ஹுதைஃபா வைத்திருக்கிறான். தினமும் சாயங்கால அசர் தொழுகை முடிந்து, அம்மா கேட்கச் சொன்னார்கள் என்று, அதிலிருந்து எனக்குக் கூப்பிடுகிறான். மாமா சாப்டீங்களா, ஒடம்பு எப்பிடி இருக்குது. என் போனில் 'மாலிக் பாய்' என்று பெயர் வருகிறது. முதல் நாள் எடுத்தேன். இரண்டாம் நாள் எடுக்கவில்லை, ஏழு முறை அடித்தது. போனைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தேன், அங்கேயும் கேட்கிறது. ஆஃப் செய்துவிடலாம்தான். செய்தால், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அந்தப் பையன் விழுப்புரத்திலிருந்து கிளம்பி வந்துவிடுவான். லாக்கப்பில் போன் இருக்காது என்று சொல்கிறார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. இதையும் எழுதாவிட்டால் நான் எழுதியதில் குறை இருக்கும்.

அதற்குப் பிறகு பாய் அதிகம் பேசவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் பேசினார். படித்தவர்கள் யாராவது, பாய் வைத்த காந்தச் சட்டத்தை மதிக்கப் போய், பயத்தில் புத்தி தடுமாறிப் போனை எடுக்க மறந்தான் என்று எனக்காக வாதாடலாம். நானே பத்து நாளாக அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் கதவைச் சாத்திவிட்டு வந்த பிறகு நான் உட்காரவில்லை. அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தபடி நின்றுகொண்டுதான் இருந்தேன். போதும், போனை எடுத்துவிடலாம், ஏழு விநாடி தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று மனசு திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளறைப் பக்கம் ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். நான் எதற்காகத் தயங்குகிறேன் என்று பாய்க்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். எப்போதும் சொல்கிற 'சார்' அவர் வாயில் வரவில்லை.

"சவுரி," என்றார். "எனக்குத் தெரியும்ப்பா. மூணு வருசமாத் தெரியும். காந்தம் ஏறிக்கினு இருக்குது, அவ்ளோதான். நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். போ, போயி போன எடு."

நூர்நிஷா அம்மா சொன்னபோது அது எனக்குப் புதுச் செய்தி இல்லை.

அவர் அப்படிச் சொல்லும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். சொன்ன பிறகு உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நிமிடம்.

அவர் நல்ல மனிதர், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஐயா, நீங்களே என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அவ்வளவும் தெரிந்த ஒருவர் பிழைத்துக்கொண்டால், அடுத்த வியாழக்கிழமை அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?